தோட்டப் பாதையில் ஓவிய வகுப்பு நடத்த இடம் கொடுங்கள்: டெல்டா மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் மதிப்பிற்குரிய முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும், அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, பெர்ஸ்பெக்டிவ் எனப்படும் தொலைவுத் தோற்றத்தை, அதாவது தூரம் போகப் போகப் பொருள்கள் சிறுத்துத் தெரிவதை வரையும் முறையை, கரும்பலகையில் கோடு போட்டுக் கற்பிப்பதை விட்டுவிட்டு, பள்ளித் தோட்டத்தின் நடைபாதையிலோ அருகிலுள்ள பூங்காவின் நடைபாதையிலோ உட்காரவைத்துக் கற்பிப்பதற்கு அனுமதியும் நேரமும் தர வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். காவிரிப் படுகையில் ஓவியம் கற்பித்து வரும் ஆசிரியர் நான். கேட்பது சிறியதாகத் தோன்றலாம்; ஆனால் ஒரு பிள்ளை தன் கண்ணை நம்பி வரையத் தொடங்குவதும், யாரோ வரைந்ததைப் பார்த்து வரைந்தே பள்ளிப் பருவத்தை முடிப்பதும் இந்த ஒரு பாடம் எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைந்துவிடுகிறது என்பதால் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நம் பிள்ளைகளில் யாரை வேண்டுமானாலும் அழைத்து ஓர் இயற்கைக் காட்சி வரையச் சொல்லுங்கள். இரண்டு முக்கோண மலைகள் எழும். அவற்றின் நடுவில் கதிர் விரிக்கும் சூரியன். மலையிடுக்கிலிருந்து இறங்கி வரும் ஆறு. கரையில் ஓட்டு வீடு, ஒரு தென்னை. கண்ணுக்கு எட்டிய மட்டும் மலையே இல்லாத திருத்துறைப்பூண்டியிலும் வேதாரண்யத்திலும் பிறந்து வளர்ந்த பிள்ளை, தன் ஊரை வரையச் சொன்னாலும் மலையைத்தான் முதலில் வரைகிறது. 2022-23 கல்வியாண்டிலிருந்து நடந்து வரும் கலைத் திருவிழாவின் ஓவியப் போட்டிகளிலும் இந்த மலைகளை நான் பார்க்கிறேன். பிள்ளைகள்மீது இதில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் வாழும் நிலம் எப்படித் தெரிகிறது என்று அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தி யாரும் காட்டவில்லை. வானமும் தரையும் ஒரே நேர்கோட்டில் சந்திப்பதைக் கண்ணால் காண, நம் டெல்டாவைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அந்தக் கோட்டின்மேல்தான் தொலைவுத் தோற்றம் முழுவதும் நிற்கிறது.

கரும்பலகைப் பாடம் எப்படி நடக்கிறது என்பதைத் தாங்களே பார்த்திருப்பீர்கள். பலகையின் நடுவில் ஒரு கிடைக்கோடு. அதன்மேல் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து ஸ்கேல் வைத்துக் கீழே விரியும் இரண்டு கோடுகள். அது தண்டவாளம் அல்லது சாலை. இருபுறமும் சிறுத்துக்கொண்டே போகும் மரங்கள். பிள்ளைகள் அழகாகப் பார்த்து வரைந்துவிடுகிறார்கள். மறுவாரம் பள்ளி வாசலிலிருந்து தெருவை வரையச் சொன்னால், அந்தப் புள்ளியை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. ஏனென்றால், அந்தக் கிடைக்கோடு என்பது தங்கள் கண்ணின் உயரம் என்பதைப் பலகை அவர்களுக்குச் சொல்லவே இல்லை. பார்ப்பவர் எழுந்தால் கோடும் எழும், உட்கார்ந்தால் கோடும் இறங்கும். இந்தச் செய்தி உடம்பின் வழியாகத்தான் பிள்ளைக்குப் போய்ச் சேரும்; அதற்கு அந்தப் பிள்ளை ஒரு பாதையின் தொடக்கத்தில் நின்றாக வேண்டும்.

நான்கடி அகலமுள்ள நேரான தோட்டப் பாதை ஒன்று போதும். பல பள்ளிகளில் வாசல் கதவிலிருந்து கொடிக்கம்பம் வரை, செங்கல்லைச் சாய்த்துப் பதித்து, சுண்ணாம்பு அடித்த ஓரங்களோடு அப்படி ஒரு பாதை ஏற்கெனவே இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அதன் நடுவில் நிற்க வைத்து, முழங்கை மடங்காமல் கையை நீட்டச் சொல்லி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலைப் பாதையின் வலது ஓரத்தோடு பொருந்தும்படி சாய்க்கச் சொல்ல வேண்டும். பிறகு அதே சாய்வைத் தாளில் பதிக்க வேண்டும். இடது ஓரத்துக்கும் அவ்வாறே. இரண்டு கோடுகளும் தாளில் நீண்டு போய் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அந்த இடம் தன் கண்ணுக்கு நேர் எதிரில் இருப்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்கிறது. அடுத்து, அதே இடத்தில் சம்மணமிட்டு உட்காரச் சொல்லி மறுபடியும் வரையச் சொல்ல வேண்டும். "சார், உக்காந்தா பாதை அகண்டு போவுது" என்று ஒரு பெண்பிள்ளை ஒருமுறை சொன்னாள். இந்தப் பாடத்தின் சாரத்தை அவளைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் சொன்னதற்குக் கணக்கும் உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளை நிற்கும்போது கண் ஏறத்தாழ நான்கடி உயரத்தில் இருக்கிறது. பாதையும் நான்கடி அகலம் என்றால், படத்தில் கண்மட்டக் கோட்டிலிருந்து எவ்வளவு கீழே அளந்தாலும், அந்த இடத்தில் பாதையின் அகலம் அந்த இறக்கத்துக்குச் சமமாகவே இருக்கும்: மூன்று செ.மீ. கீழே மூன்று செ.மீ. அகலம், பத்து செ.மீ. கீழே பத்து செ.மீ. அகலம். தரையில் உட்கார்ந்தால் கண் இரண்டடிக்குச் சற்று மேலே வந்துவிடுகிறது. பாதையின் அகலம் இறக்கத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடுகிறது. பாதை மாறவில்லை, இடமும் மாறவில்லை, கண்ணின் உயரம் மட்டுமே மாறியது. இதைத் தன் இரண்டு படங்களின்மீதும் ஸ்கேல் வைத்து அளந்து சரிபார்த்த பிள்ளை, பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும் இதை வரைந்தவர் எங்கே நின்றார் அல்லது உட்கார்ந்தார் என்று கேட்கத் தொடங்குகிறது.

சமதரையின் அருமை இதற்கடுத்த பயிற்சியில் தெரியும். ஏறக்குறைய ஒரே உயரமுள்ள மூன்று பிள்ளைகளைப் பாதையில் முன்னும் பின்னுமாக, சற்றே விலகி நிற்க வைக்க வேண்டும். அதே உயரமுள்ள நான்காவது பிள்ளை பாதையின் தொடக்கத்தில் நின்று பார்த்தால், மூவரின் கண்களும் ஒரே கோட்டில் இருக்கும். கால்கள் மட்டும் தூரத்துக்கு ஏற்ப மேலேறிக்கொண்டே போகும். பார்க்கும் பிள்ளை உட்கார்ந்துவிட்டால், அந்தக் கோடு மூவருக்கும் இடுப்பை ஒட்டியே செல்லும். கிட்டத்தில் இருப்பவர் பெரியவராகவும் தூரத்தில் இருப்பவர் சிறியவராகவும் தெரிவார் என்ற பொது வாக்கியத்தைப் பிள்ளைகள் நூறு தடவை கேட்டிருக்கிறார்கள். ஆனால் பெரியதும் சிறியதும் எந்தக் கோட்டிலிருந்து தொங்குகின்றன என்பதை இந்தப் பயிற்சிதான் காட்டுகிறது. மேடும் பள்ளமுமான ஊர்களில் இது இவ்வளவு சுத்தமாக அமையாது. பாதை ஏறினால் அதன் ஓரங்கள் சந்திக்கும் புள்ளி கண்மட்டத்துக்கு மேலே போய்விடும், இறங்கினால் கீழே வந்துவிடும். நம் பிள்ளைகள் அந்தச் சிக்கலைப் பின்னாளில், ஆற்றங்கரை ஏற்றத்தை வரையும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தூரம் கூடக் கூட உருவம் சுருங்குவதை அளவெடுத்துப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமானது, எல்லாவற்றிலும் இன்பமானதும்கூட. தென்னையை 25 அடிக்கு ஒன்றாக நடுவது நம் பகுதியில் தோப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரண்யம் பக்கங்களில் தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்த பிறகு, எத்தனையோ பிள்ளைகள் தங்கள் வீட்டார் கயிறு பிடித்து மறுபடியும் குழி எடுத்ததைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள். அதே 25 அடி இடைவெளியில், ஆறடி உயர மூங்கில் கழிகள் நான்கைப் பாதையின் ஓரத்தில் நட்டுவிடலாம். முதல் கழிக்கு 25 அடி முன்னால் நின்று, நீட்டிய கையில் ஸ்கேலைப் பிடித்து அளந்தால், கண்ணிலிருந்து கைக்கு அரை மீட்டர் தூரமுள்ள ஒரு பிள்ளைக்கு முதல் கழி ஏறத்தாழ 12 செ.மீ. என்று தெரியும். இரண்டாவது 6, மூன்றாவது 4, நான்காவது 3. பிள்ளைகளை முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னால் பெரும்பாலோர் 12, 9, 6, 3 என்று சீராகக் குறையும் என்றே சொல்வார்கள். அளந்து பார்த்து, இரண்டாவது கழி சட்டென்று பாதியாகிவிட்டதையும் பிறகு வருபவை மெல்ல மெல்லக் குறைவதையும் காணும்போது அவர்கள் முகத்தில் வரும் ஆச்சரியம், எந்த ஆசிரியருக்கும் அன்றைய சம்பளத்துக்கு மேலான வரும்படி.

இரட்டிக்கும் தூரத்துக்குப் பாதி, மும்மடங்குக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற இந்த உறவுதான் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வடிவொத்த முக்கோணங்களாகவும் தேல்ஸ் தேற்றமாகவும் வருகிறது. ஏழாம் வகுப்பில் மூங்கில் கழியைக் கையால் அளந்த பிள்ளைக்கு அந்தத் தேற்றம் புதிதாக இருக்காது. ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடத்துக்காக வாங்கிக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் இருப்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்: இந்த இரண்டு வகுப்புகளை எங்களிடமே விட்டுவைத்தால் அவை கணக்குக்கும் சேரும்.

அளந்தாகிவிட்டது, இனி தாளில் கழிகளை அளக்காமலே நடுவது எப்படி என்பதையும் அன்றே சொல்லிக் கொடுத்துவிடலாம். முதல் கழியின் உச்சியிலிருந்து இரண்டாவது கழியின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது கழிகளின் அடிகளை இணைக்கும் தரைக்கோட்டைத் தொடும் இடம்தான் மூன்றாவது கழியின் அடி. பாதையில் கண்ட இடைவெளியோடு அது ஒத்துப்போவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். விதியை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பாதைக்குப் போனால், கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. ஆகவே இந்த வரிசை மாறக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தோட்டப் பாதையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று கேட்கலாம். தஞ்சையில் பெரிய கோயிலை ஒட்டி ஓடும் புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய், தொலைவுத் தோற்றத்துக்கு மிக அருமையான காட்சி. நேரான கரையும் ஓடும் நீரும் ஒரே புள்ளியை நோக்கிப் போவதைப் பாலத்தில் நின்று யாரும் பார்க்கலாம். ஆனால் மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. பள்ளிகள் தொடங்கும் அதே மாதத்தில் கால்வாய்களிலும் ஆறுகளிலும் நீர் வந்துவிடுகிறது. நாற்பது பிள்ளைகளைக் கரையில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்ல எந்த ஆசிரியரும் துணியக் கூடாது. சாலையில் வண்டிகள், தண்டவாளத்தின் அருகே போகவே கூடாது. தோட்டப் பாதையில் இந்த அச்சங்கள் இல்லை. ஓரங்கள் இணையாக இருக்கின்றன, அகலம் தெரிந்திருக்கிறது, பதித்த செங்கற்கள் ஒரே அளவில் இருக்கின்றன, பிள்ளை குனிந்து தொட்டு அளந்து பார்க்கலாம். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவைப் போன்ற நகராட்சி, மாநகராட்சிப் பூங்காக்கள் வாய்க்காத கிராமப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். பாதையே இல்லாத பள்ளியில், விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புப் பொடியால் நான்கடி இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டால் பாதை ஆயிற்று.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே போக முடியாது. அப்போதும் கரும்பலகைக்குத் திரும்ப வேண்டியதில்லை. இத்தாலியில் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி 1435-இல் ஓவியக் கலை குறித்து எழுதியபோது, ஓவியனுக்கும் காட்சிக்கும் நடுவில் நூலால் கட்டம் கட்டிய மெல்லிய திரையை நிறுத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் தெரிவதைத் தாளின் கட்டத்தில் எடுத்துக்கொள்ளும் முறையை விளக்கினார். நம் அரசுப் பள்ளிகளின் சன்னலில் நெடுக்கும் குறுக்குமாக இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. தாடையை மேசையில் ஊன்றித் தலையை அசைக்காமல், ஒரு கண்ணால் அந்தக் கம்பிகளின் வழியே தோட்டப் பாதையைப் பார்த்து, தாளில் அத்தனை கட்டங்கள் போட்டு வரைந்தால் மழைக்கால வகுப்பும் நடந்துவிடும். செலவு ஒன்றும் இல்லை.

பாதையில் வரைந்து பழகிய பிறகு, பிள்ளைகளுக்கு ஒரு படத்தைக் காட்டலாம். நெதர்லாந்து ஓவியர் மெய்ண்டர்ட் ஹாப்பெமா 1689-இல் வரைந்த மிட்டெல்ஹார்னிஸ் ஊர்ச் சாலை, இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. மலையற்ற தட்டையான நிலம், சாலையின் இருபுறமும் வாய்க்கால், உச்சியில் மட்டும் தழை விட்டு நெடுநெடுவென்று நிற்கும் மரங்கள், தாழ்ந்த தொடுவானம், நடுவில் நாயோடு நடந்து வரும் ஒருவர், வலப்பக்கம் தோட்டத்தில் செடிகளைக் கவனிக்கும் இன்னொருவர். தென்னையும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. மலை இல்லாமலும் ஒரு நிலக்காட்சி பெரிய ஓவியமாக முடியும் என்பதை இந்தப் படம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் பதிவு செய்ய வேண்டும். தொலைவுத் தோற்றம் தெரியாததால்தான் நம் முன்னோர் தட்டையாக வரைந்தார்கள் என்று வகுப்பில் சொல்லப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து எந்த ஆசிரியரும் அப்படிச் சொல்ல வேண்டாம். தஞ்சாவூர் ஓவியத்தில் கிருஷ்ணன் பெரிதாகவும் அருகில் நிற்பவர்கள் சிறிதாகவும் இருப்பது தூரத்தைக் குறிப்பதற்காக அல்ல, யார் முதன்மை என்பதைக் குறிப்பதற்காக. 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி பெரிய கோயிலின் உட்சுற்றில் கண்டறிந்த சோழர் ஓவியங்களில், சுந்தரர் வரலாற்றின் வெவ்வேறு நேரத்து நிகழ்வுகள் ஒரே சுவரில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நிற்கும் ஒரு கண்ணுக்காக அவை வரையப்படவில்லை. எட்டு, ஒன்பது வயது வரை பிள்ளைகளும் தாங்கள் அறிந்ததைத்தான் வரைகிறார்கள். குளத்தை மேலிருந்தும் கரையின் மரங்களைப் பக்கவாட்டிலிருந்தும் ஒரே தாளில் வரைவார்கள். அதைத் திருத்தக் கூடாது. ஆறாம் வகுப்பை எட்டும்போது, கண்ணில் தெரிவது போல வரவில்லையே என்று அவர்களே வருந்தத் தொடங்குகிறார்கள். பாதைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய பருவம் அதுதான். அதற்கு முன்னால் வேண்டாம்.

இனி நிர்வாகத்துக்கு வருகிறேன். 2012-இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஓவிய ஆசிரியர்களை நம்பியே பல நடுநிலைப் பள்ளிகளில் ஓவிய வகுப்பு நடக்கிறது; அவர்கள் வாரத்தின் எல்லா நாளும் வருவதில்லை. அவர்கள் வரும் நாள்களில் ஓவிய வகுப்பைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். பாதைக்குப் போய், உட்கார்ந்து, அளந்து, வரைந்து திரும்புவதற்கு ஒரு பாடவேளை போதாது. பிள்ளைகள் இடம் பிடித்து அமர்வதற்குள் மணி அடித்துவிடும். தலைமை ஆசிரியர்களின் கவலை எனக்குப் புரிகிறது. பிள்ளைகள் வகுப்பறைக்கு வெளியே இருக்கும்போது ஆய்வு அலுவலர் வந்துவிட்டால் என்ன சொல்வது என்ற தயக்கம் நியாயமானது. ஓவிய வகுப்பைப் பள்ளி வளாகத்துக்குள் வெளியில் நடத்துவது முறையான கற்பித்தலே என்று தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு வரிச் சுற்றறிக்கை வந்தால் அந்தத் தயக்கம் தீர்ந்துவிடும். வளாகத்துக்கு வெளியே பூங்காவுக்குப் போவதானால் பெற்றோர் ஒப்புதலும், கூட இன்னோர் ஆசிரியரும் கட்டாயம் வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பூங்காக்களை நிர்வகிக்கும் உள்ளாட்சி அமைப்புகளிடம், பள்ளி வேலைநாள்களின் முற்பகலில் ஓவிய வகுப்புக்கு வரும் மாணவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்க வேண்டாம் என்று தாங்கள் கேட்டுக்கொண்டால் அவர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி மாணவர்களை உதவிக்கு அழைக்க முடிந்தால், நாற்பது பிள்ளைகளின் பென்சில் சாய்வையும் ஒரே ஆசிரியர் திருத்த வேண்டிய சுமை குறையும்.

பொருள்களுக்கென்று தனி நிதி எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளிடம் இருக்கும் பரீட்சை அட்டையே வரைபலகை. வெள்ளைத் தாள், பென்சில், ஸ்கேல், நான்கு மூங்கில் கழிகள், உட்கார ஒரு சாக்கு.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலிருந்து மாசி மாதம் வரை, மழையும் இல்லாமல் வெயிலும் ஏறாமல் காலை வேளை பத்தரை மணி வரை வெளியில் உட்கார நன்றாக இருக்கும். அறுவடை முடிந்த வயல்களில் பார்வை தங்கு தடையின்றித் தொடுவானம் வரை செல்லும் பருவமும் அதுவே. இந்தக் கல்வியாண்டின் அந்த வாரங்களில், மாவட்டத்துக்குப் பத்துப் பள்ளிகளிலாவது ஏழாம் வகுப்புக்கு இரண்டிரண்டு பாடவேளைகள் சேர்ந்த நான்கு வகுப்புகளை ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறேன். வரைந்த படங்களை மாவட்டக் கலைத் திருவிழாவின்போது பார்வைக்கு வைக்கலாம். பாடத்திட்டத்தை எழுதித் தரவும், மற்ற ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சியைப் பாதையிலேயே நடத்திக் காட்டவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
காவிரிப் படுகையின் ஓவிய ஆசிரியர் ஒருவர்